மென்பொருள் வாங்கினால் மட்டும் போதுமா?

சிங்கப்பூரில் 2015 முதல், 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு முப்பரிமாண ‘பிம்’ (BIM, கட்டடத் தகவல்) மாதிரியைக் கொடுத்துத்தான் அனுமதி கேட்க வேண்டும் என்று விதி வந்தது. விதி மென்பொருளை வாங்க வைக்கும். தளத்தில் அதை நிலைக்க வைப்பது தினசரிப் பழக்கம்தான். கழிவுநீர்க் குழாய் பீமில் முட்டுவதை மாதிரி முன்கூட்டியே காட்டிவிடும். ஆனால் சூப்பர்வைசர் கையில் பழைய வரைபடமே இருந்தால், கான்கிரீட் இறுகிய பிறகு பீமைத் துளைக்க நேரும். உள்ளே கம்பி அறுபட்டால் பலமும் குறையும்.

சிறு ஒப்பந்ததாரர்களுக்கு இந்த மென்பொருள் கட்டுப்படியாகாது என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் இடித்துக் கட்டும் செலவு அதைவிடக் கனமானது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். திருத்திய வரைபடம் அன்றே தளத்துக் கைபேசிக்குப் போனால் போதும். அதற்கு ஒருவரைப் பொறுப்பாக்கி, பயிற்சிக்கும் பணம் ஒதுக்கும் நிறுவனத்தில்தான் தொழில்நுட்பம் வேரூன்றும்.