ஆளைக் குறைக்கும் முன்...

வியாபாரம் மந்தமானால் நாம் முதலில் பார்ப்பது ஆள் செலவைத்தான். அது தவறில்லை. ஆனால் பத்து வருடம் பொட்டலம் கட்டியவரை, "நாளை முதல் வரவேண்டாம்" என்று அனுப்புவது நியாயமும் அல்ல, சட்டமும் அல்ல.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, பிரிவு 41-இன்படி, தொடர்ந்து 6 மாதம் வேலை செய்தவரைத் தக்க காரணமின்றி நீக்கக் கூடாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத முன்னறிவிப்போ, அதற்கு ஈடான சம்பளமோ தர வேண்டும். ஓராண்டு முடித்தவரை ஆட்குறைப்புச் செய்தால், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்ட ஈடு. 10 பேருக்குக் குறையாத கடையில் 5 ஆண்டு முடித்தவருக்குக் கிராஜுவிட்டியும் உண்டு.

இந்தத் தொகைக்குப் பயந்து நம்மில் சிலர், "கல்லாவில் கை வைத்தான்" என்று பழி சுமத்தி அனுப்பிவிடுகிறார்கள். முறையான விசாரணையும் சாட்சியமும் இல்லாத பழி மேல்முறையீட்டில் நிற்காது. அதைவிடக் கொடுமை, திருட்டுப் பட்டத்தோடு போகிறவரைக் கடைத்தெருவில் வேறு யாரும் சேர்க்க மாட்டார்கள். அவர் குடும்பம் என்ன செய்யும்?

வியாபாரக் குறைவுதான் காரணம் என்றால் அதையே எழுதிக் கொடுப்போம். கணக்குப்பிள்ளை மூலம் சொல்லி அனுப்பாமல், தனியே அழைத்து நாமே சொல்வோம். சம்பள பாக்கி, நஷ்ட ஈடு எல்லாவற்றையும் கணக்குத் தீர்த்து ரசீது வாங்கி வைப்போம். ஓர் அனுபவச் சான்றும், தெரிந்த கடைக்கு ஒரு சிபாரிசும் நமக்குச் செலவில்லாதவை. வாடிக்கையாளர் பலருக்கு நம்மைவிட அவரைத்தான் நன்றாகத் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம்.