ஏற்றமும் இறக்கமும்: இடுப்பு, தொடைத் தசைகளின் தொழில்

ஆண்டுதோறும் டிசெம்பர் மாதப் பூரணை முதல் மே மாதப் பூரணை வரை, சப்பிரகமுவா மாகாணத்தின் எல்லையில் நிமிர்ந்து நிற்கும் சிவனொளிபாதமலைக்கு அடியார் பலர் யாத்திரை செல்கின்றனர். 2,243 மீற்றர் உயரமுடைய அம்மலையில் ஏறும்போது அவர்களுக்கு மூச்சு வாங்குகின்றது, நெஞ்சு படபடக்கின்றது. இறங்கும்போதோ மூச்சு எளிதாகின்றது. ஆயினும் வீடு திரும்பிய மறுநாட் காலையில், பாயை விட்டு எழ முயல்வோரைத் தடுப்பது நெஞ்சன்று, தொடையே. ஏறிய களைப்பு அன்றிரவே தீர்ந்துவிட, இறங்கிய நோவு மட்டும் இரண்டு மூன்று நாட்களுக்கு நிலைக்கின்றது. எளிதெனத் தோன்றிய செயல் நோவைத் தருவானேன்? இவ்வினாவுக்கு விடை இடுப்பிலும் தொடையிலும் உள்ள தசைகளின் அமைப்பில் அடங்கியுள்ளது.

யாத்திரிகர் ஆண்டுக்கொருமுறை செய்வதை நாள்தோறும் செய்யும் மக்களும் அதே மாகாணத்தில் உளர். கேகாலை மாவட்டத்தில் ருவான்வெல்லையைச் சூழ்ந்த குன்றுகளில் இறப்பர்த் தோட்டங்கள் பரந்துள்ளன. விடியற்காலையில் மரத்தின் பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருப்பதால், பால் வெட்டுவோர் இருள் பிரியும் முன்னரே லயத்தினின்றும் புறப்படுகின்றனர். மரந்தோறும் சென்று பட்டையைச் சீவிச் சிரட்டையை வைத்தல் ஒரு சுற்று. பின்னர் அம்மரங்களுக்கே மீண்டுஞ் சென்று பாலை வாளியிற் சேர்த்தல் மற்றொரு சுற்று. ஏற்றமும் இறக்கமும் குனிதலும் நிமிர்தலும் கலந்த இவ்வுழைப்பின் பெரும்பங்கைச் சுமப்பவை கைகள் அல்ல, இடுப்பும் தொடையுமே.

இவ்வுறுப்புகளைத் தமிழில் விளக்குதல் புதிய முயற்சியன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீனும் அவர்தம் மாணவரும், கிறே என்பார் ஆங்கிலத்தில் இயற்றிய உடலமைப்பு நூலை ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெயரால் 1872 ஆம் ஆண்டில் தமிழாக்கி வெளியிட்டனர். அவ்வழி நின்று ஈண்டுச் சில செய்திகள் கூறப்படுகின்றன.

என்பும் மூட்டும்

உடலிலுள்ள என்புகளுள் மிக நீண்டது தொடையென்பு. ஒருவருடைய உயரத்தில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு இதன் நீளமாகும். இதன் மேல்நுனி பந்து போன்று உருண்டு, இடுப்பென்பின் புறத்தேயுள்ள கிண்ணக்குழியிற் பொருந்தியுள்ளது. ஆகவே தொடை முன்னும் பின்னும் புறமும் அகமும் அசையவும், தன் அச்சிற் சுழலவும் வல்லதாயிற்று. அவ்வுருண்டைக்கும் என்பின் தண்டுக்கும் இடையே சாய்ந்த கழுத்தொன்று உண்டு. முதுமையில் விழுவோருக்குப் பெரும்பாலும் முறிவு நேர்வது இக்கழுத்திலும் அதனை அடுத்த பகுதியிலுமே.

தசைகளின் வகுப்பு

இம்மூட்டைச் சூழ்ந்த தசைகளை நிற்கும் இடத்தால் நால்வகைப்படுத்தலாம்.

முன்புறத்தில் இரண்டு முதன்மையானவை. முதலாவது இடுப்பை மடக்கும் தசை. முதுகந்தண்டின் கீழ்ப்பகுதியிலும் இடுப்பென்பின் உட்புறத்திலும் தொடங்கி, தொடையென்பின் மேற்பகுதியில் உட்புறமாக முடியும் இதுவே, அடுத்த படியில் வைப்பதற்காகக் காலை உயர்த்துவது. இரண்டாவது, நான்கு பகுதிகள் ஒன்றுகூடிய நாற்றலைத்தசை. இந்நான்கும் ஒரே தசைநாணாகி, முழங்காற் சில்லைத் தன்னகத்தே கொண்டு, முழங்காலின் கீழுள்ள என்பிற் சென்று பற்றுகின்றன. முழங்காலை நீட்டுதல் இதன் தொழில். இவற்றின்மேல் குறுக்காக ஓடும் மெல்லிய தசையொன்று உடலிலேயே மிக நீளமானது. சம்மணமிட்டு இருப்பதற்கு உதவும் இத்தசைக்கு, அவ்வாறமர்ந்து தொழில் செய்யும் தையற்காரரின் பெயரையே மேனாட்டார் இட்டனர்.

பின்புறத்தில் பெரும் புட்டத்தசை உள்ளது. உடலின் தசைகளுள் மிகப் பருமனானது இஃதே. இடுப்பை நீட்டி உடலை நிமிர்த்துவது இதன் கடமை. சமதரையில் மெல்ல நடக்கும்போது இது பெரிதும் ஓய்ந்திருக்கும்; படியேறும்போதும், குந்தியிருந்து எழும்போதும், ஓடும்போதும் விழித்தெழும். இதன் கீழே, உட்காருங்கால் தரையிற் படியும் என்பினின்றும் புறப்பட்டு முழங்காலைக் கடந்து செல்வன பின்தொடைத் தசைகள். இவை இடுப்பை நீட்டும், முழங்காலை மடக்கும்.

வெளிப்புறத்தில் நடுப் புட்டத்தசையும் சிறு புட்டத்தசையும், உட்புறத்தில் உட்டொடைத் தசைகளும் உள்ளன. முன்னவை காலைப் புறத்தே விரிக்கும்; பின்னவை அகத்தே சேர்க்கும். மழையில் நனைந்த சரிவில் கால் புறத்தே சறுக்கி அகலாமல் பற்றுவதற்கு உட்டொடைத் தசைகள் துணைபுரிகின்றன.

ஒற்றைக் காலில் நிற்கும் கணம்

நடை என்பது ஒரு காலிலிருந்து மறு காலுக்கு உடலை மாற்றிக்கொண்டே செல்வதாகும். வலக்கால் நிலத்தை விட்டெழும்போது உடற்பாரம் முழுவதும் இடக்காலைச் சாரும். அப்போது தாங்கலற்ற வலப்பக்க இடுப்பு கீழே சாய முற்படும். சாயாமல் இழுத்துப் பிடிப்பது இடப்பக்கத்து நடுப் புட்டத்தசையே. அது நலிந்தால் அடிதோறும் இடுப்பு மறுபுறம் தாழும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் திரெண்டலன்பேர்க் 1895 ஆம் ஆண்டில் விளக்கிய இவ்வடையாளம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இதனைத் தராசுக்கோல் போன்று எண்ணலாம். மூட்டிலிருந்து உடற்பாரத்தின் மையம் உள்ள தூரம், தசை இழுக்கும் இடத்தின் தூரத்தினும் ஏறத்தாழ இரு மடங்கு. ஆதலின் தசை உடற்பாரத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விசையோடு இழுத்தல் வேண்டும். இரண்டுஞ் சேர்ந்து மூட்டை அழுத்தும் விசை உடற்பாரத்தின் மும்மடங்கை எட்டுகின்றது. ஒரு கையில் மட்டும் பால் நிறைந்த வாளியைத் தூக்கிச் சென்றால் எதிர்ப்பக்கத் தசையின் பளு மிகும். இரு கைகளிலும் பகிர்ந்தால் குறையும். இடுப்பு நோவுற்றவர் ஊன்றுகோலை நோவுள்ள பக்கத்தன்றி எதிர்ப்பக்கக் கையிற் பிடித்தல் வேண்டுமென மருத்துவர் கூறுவதன் காரணமும் இஃதே. அவ்வாறு பிடித்த கோல் மூட்டிலிருந்து தொலைவில் ஊன்றப்படுவதால், சிறு ஊன்றலும் தசையின் பளுவைப் பெரிதும் குறைக்கின்றது.

தூக்குதலும் தாங்குதலும்

ஏற்றத்தில் பெரும் புட்டத்தசையும் நாற்றலைத்தசையும் சுருங்கி உடலை மேலே தூக்குகின்றன. இறக்கத்தில் அதே நாற்றலைத்தசை உடல் தடாலென விழாதவாறு பிடித்துக்கொண்டே சிறிது சிறிதாக நீளுகின்றது. கிணற்றில் வாளியை இறக்குபவர் கயிற்றைக் கையால் இறுகப் பற்றியபடி விட்டுக்கொடுப்பது போன்றது இது. தசை இங்கு ஓய்ந்திருக்கவில்லை, நீண்டவாறே உழைக்கின்றது.

இவ்விரு உழைப்புக்கும் உள்ள வேறுபாட்டை 1952 ஆம் ஆண்டில் அபொற், பிக்லண்ட், றிச்சி என்னும் உடற்றொழிலியலார் மூவர் ஒரு சோதனையால் விளக்கினர். இரு சைக்கிள்களைப் பின்புறமாகச் சேர்த்துச் சங்கிலியாற் பிணைத்தனர். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் அதனை எதிர்த்துத் தடுத்தார். விசை இருவருக்கும் ஒன்றே. ஆயினும் தடுப்பவர் மிகக் குறைந்த ஒட்சிசனையே செலவிட்டார். மலையிறங்குவோருக்கு மூச்சு வாங்காமைக்குக் காரணம் இதனாற் புலனாகும்.

எனினும் செலவு குறைந்த இவ்வுழைப்பிற்கு வேறொரு விலை உண்டு. இழுபட்டவாறே தாங்கும்போது, பழக்கமற்ற தசையின் நுண்ணிழைகள் சிதைவுறுகின்றன. அச்சிதைவும் அதனைச் செப்பனிடும் செயலுமே ஓரிரு நாட் பின்னர் நோவாகத் தோன்றுகின்றன. தசை இதனைக் கற்றுக்கொள்ளவும் வல்லது. ஒருமுறை இறங்கியதன் பயன் சில வாரங்களுக்கு நின்று அடுத்த நோவைக் குறைக்கும். ஆதலாற்றான் நாள்தோறும் மலையில் நடப்போர் யாத்திரிகரைப்போல் வருந்துவதில்லை. ஆனால் நோயினாலோ மகப்பேற்றினாலோ நெடுநாள் வீட்டிலிருந்து மலைக்குத் திரும்புவோருக்கு அந்நோவு மீண்டும் வரும். அதனைச் சோம்பலென்று பழித்தல் அறியாமையாகும். சில நாள் வேலையைப் படிப்படியாகக் கூட்டுதலே முறை. நோவுடன் சிறுநீர் கருநிறமாகப் போகுமாயின் தாமதியாது மருத்துவரை நாடுதல் வேண்டும்.

குனிதலும் அத்தகையதே. புதிதாக வெட்டத் தொடங்கும் மரத்தில் நிமிர்ந்து நின்றே பால் வெட்டலாம். பட்டை சீவச்சீவ வெட்டு ஆண்டுதோறும் கீழிறங்கும். வெட்டுபவரும் அதனோடு தாழ வேண்டும். முதுகை வளைத்து நிற்பதைவிட முழங்காலை மடக்கித் தாழ்ந்தால், பளு முதுகினின்றும் நீங்கிப் புட்டத்தையும் தொடையையும் சாரும். இளம் தொழிலாளிக்கு அது நலமே. முழங்காற் சில்லின் பின்புறம் தேய்ந்த முதியவருக்கோ அதுவும் துன்பமாம். நாற்றலைத்தசை இறுகும்போதெல்லாம் சில்லு என்போடு அழுந்துகின்றதன்றோ?

பேணும் வழி

ஆண்டுகள் ஏறத் தசை மெலிதல் இயல்பு. ஆயினும் மெலிந்த தசை மீளாதென்று எண்ணற்க. 1990 ஆம் ஆண்டில் அமெரிக்காவில், சராசரி 90 வயதினரான நலிந்த முதியோர் சிலருக்கு எட்டு வாரம் தொடைப்பயிற்சி அளித்தபோது, அவர்தம் தொடை வலு இரு மடங்கிற்கும் மேலாயிற்று. கையூன்றாது கதிரையினின்றும் மெல்ல எழுந்து மெல்ல அமர்தலை நாள்தோறும் பத்து முறை செய்தலே எளிய தொடக்கமாகும். எழும்போது தசை தூக்கப் பழகும். அமரும்போது தாங்கப் பழகும். முதியோரை வீழ்ச்சியினின்றும் காப்பது இவ்விரண்டாவது பழக்கமே.

உயர்த்துவதையே உழைப்பென்று உலகம் எண்ணுகின்றது. விழாமற் தாங்குவதும் உழைப்பே என்பதைத் தொடைத் தசைகள் உணர்த்துகின்றன. நிறைந்த வாளியுடன் சரிவில் ஒவ்வோர் அடியாக இறங்கி வரும் இறப்பர்த் தோட்டத் தொழிலாளி, பார்ப்போர் கண்ணுக்கு வேலை முடித்து வருபவராகத் தோன்றலாம். உண்மையில் அவருடைய வேலையின் கடினமான பகுதி அப்பொழுதே நிகழ்கின்றது.