உங்களுக்குத் தெரியுமா? கையில் இருக்கும் லேப்டாப்பில் மேக்ஓஎஸ்

ஐஃபோனுக்கு ஆப் எழுதப் பழக ஆப்பிளின் எக்ஸ்கோட் என்ற மென்பொருள் வேண்டும். அது இலவசம்தான், ஆனால் மேக் கணினிகளின் இயங்குதளமான மேக்ஓஎஸ் இல்லாமல் ஓடாது. மேக் வாங்க வசதியில்லாத மாணவர்கள் கையில் இருக்கும் டெல், லெனோவோ, ஹெச்பி லேப்டாப்பிலேயே மேக்ஓஎஸ் போட்டுப் பார்க்கத் துணிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இப்படி உருவாகும் கணினிக்கு ஹேக்கின்டாஷ் என்று பெயர். சூளூர்பேட்டை, தடா, நாயுடுபேட்டை பக்கத்தில் இதில் இறங்க நினைப்பவர்கள் ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: வெற்றியும் தோல்வியும் லேப்டாப்பின் விலையைப் பொறுத்ததல்ல, உள்ளே என்னென்ன சில்லுகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

வந்த வழி

● மேக் மென்பொருளை இன்டெல் கணினியில் ஓட்டிப் பார்த்தவர்களில் ஆப்பிளும் உண்டு. 1992-ல் நோவெல் நிறுவனத்தோடு சேர்ந்து, 'ஸ்டார் ட்ரெக்' என்ற ரகசியப் பெயரில், மேக்கின் சிஸ்டம் 7-ஐ 486 கணினியில் இயக்கிக் காட்டினார்கள். ஆனாலும் 1993-ல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

● இன்றைய மேக்ஓஎஸுக்குத் தாய், நெக்ஸ்ட்ஸ்டெப். ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளுக்கு வெளியே இருந்த காலத்தில் உருவான இயங்குதளம் இது. 1993-லேயே இதன் இன்டெல் பதிப்பு சாதாரண 486 கணினிகளில் ஓடியது. 1996 டிசம்பரில் ஆப்பிள் அதை உருவாக்கிய நிறுவனத்தையே விலைக்கு வாங்குவதாக அறிவித்தது.

● 1995 முதல் வேறு நிறுவனங்கள் மேக் கணினிகளைத் தயாரித்து விற்க ஆப்பிளே உரிமம் கொடுத்தது. பவர் கம்ப்யூட்டிங் அவற்றில் பேர்பெற்ற ஒன்று. 1997-ல் ஜாப்ஸ் திரும்பி வந்ததும் இந்த உரிமத் திட்டத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார்.

● 2001-ல் சோனி வயோ லேப்டாப் ஒன்றில் மேக் இயங்குதளத்தை ஓடவிட்டு, அதை ஹவாயில் சோனி தலைவர்களுக்கு ஜாப்ஸ் காட்டினார். சோனியின் முன்னாள் தலைவர் குனிதகே ஆண்டோ பின்னாளில் சொன்ன தகவல் இது.

● 2005 ஜூன் 6 அன்று, இனி மேக்கில் இன்டெல் சில்லுதான் என்று ஜாப்ஸ் அறிவித்தார். 2006 ஜனவரியில் முதல் இன்டெல் மேக்குகள் வந்தன. மேக்குக்கும் மற்ற லேப்டாப்புகளுக்கும் மூளை ஒரே வகையானதும், ஹேக்கின்டாஷ் வேகம் பிடித்தது. திருட்டுப் பயன்பாட்டைக் கைவிடச் சொல்லி இயங்குதளத்துக்குள்ளேயே ஒரு சிறு கவிதையை ஆப்பிள் பொறியாளர்கள் ஒளித்து வைத்தார்கள்.

● அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சைஸ்டார் என்ற நிறுவனம் 2008-ல் மேக்ஓஎஸ் போட்ட கணினிகளை விற்கத் தொடங்கியது. அதே ஆண்டு ஆப்பிள் வழக்குத் தொடுத்தது. 2009-ல் தீர்ப்பு ஆப்பிள் பக்கம் வந்தது, 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மேக்ஓஎஸின் உரிம ஒப்பந்தம், ஆப்பிள் பெயர் தாங்கிய கணினியில் மட்டுமே அதை நிறுவ அனுமதிக்கிறது. வீட்டில் படிப்புக்காக முயல்பவரும் இதைத் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும். கடை வைத்திருப்பவர்கள் இதை வாடிக்கையாளருக்குப் போட்டுக்கொடுக்கும் சேவையாக வைத்துக்கொள்ளவே கூடாது.

தொடங்கும் முன் உள்ளே பாருங்கள்

● விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ஒரு பாகத்தின் மேல் வலது கிளிக் செய்து, பிராபர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்டுவேர் ஐடி என்று போய்ப் பாருங்கள். ஒரு நீண்ட வரி தெரியும். அதில் 'வென்' என்ற எழுத்துகளுக்கு அடுத்து வரும் நான்கு இலக்கம், அந்தச் சில்லைச் செய்தவர் யார் என்பதைச் சொல்லிவிடும். 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி கிராஃபிக்ஸ். இன்டெல்லின் எண், 1978-ல் அவர்கள் வெளியிட்ட புகழ்பெற்ற 8086 சில்லின் எண்ணேதான். அடுத்து 'டெவ்' என்று வரும் நான்கு இலக்கம் எந்த மாடல் என்று காட்டும். லேப்டாப் பெட்டியில் அச்சடித்த பெயரை நம்பாதீர்கள். ஒரே மாடல் பெயரில் இரண்டு வேறு வைஃபை கார்டுகள் வருவது சகஜம்.

● விண்டோஸ் எல்லா நிறுவனங்களின் பாகங்களுக்காகவும் எழுதப்பட்டது. மேக்ஓஎஸ், மேக் கணினிகளில் வந்த பாகங்களுக்காக எழுதப்பட்டது. அதனால் எந்தச் சில்லைப் பற்றியும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது எப்போதாவது ஒரு மேக்கில் இருந்ததா என்பதுதான்.

● இன்டெல் 11-ஆம் தலைமுறை லேப்டாப் 8-ஆம் தலைமுறையைவிட வேகமானது. ஆனால் ஹேக்கின்டாஷுக்கு 8-ஆம் தலைமுறையே உகந்தது! ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸ் கொண்ட 11-ஆம் தலைமுறைச் சில்லு எந்த மேக்கிலும் வரவில்லை. அதற்கு ஆப்பிள் டிரைவர் எழுதவே இல்லை. டிரைவர் இல்லாமல் போட்டால் ஜன்னலை நகர்த்தினாலே திரை திணறும். செலரான், பென்டியம் சில்லுகளின் கிராஃபிக்ஸுக்கும் இதே கதிதான்.

● பழைய சில்லுகளுக்கும் எல்லை உண்டு. 4, 5-ஆம் தலைமுறை இன்டெல் கிராஃபிக்ஸ் 2021-ல் வந்த மான்டெரி என்ற மேக்ஓஎஸ் பதிப்போடு நின்றுவிடும். 2022-ல் வந்த வென்ச்சுரா குறைந்தது 7-ஆம் தலைமுறை கேட்கிறது.

● என்விடியா கிராஃபிக்ஸ் இருக்கும் கேமிங் லேப்டாப்பில் அந்தச் சில்லை அணைத்துவிட்டு இன்டெல் கிராஃபிக்ஸில்தான் ஓட்ட வேண்டும். என்விடியா தனியாகத் தந்துவந்த டிரைவர், 2018-ல் மொஹாவி வந்தபோது நின்றுபோனது. இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. பல கேமிங் லேப்டாப்புகளில் ஹெச்டிஎம்ஐ துவாரம் நேராக என்விடியா சில்லோடு இணைந்திருக்கும். சில்லை அணைத்தால் வெளி மானிட்டரும் போய்விடும்.

● சாம்சங்கின் பிஎம்981 எஸ்எஸ்டி வேகமானது, பல லேப்டாப்புகளில் உடன் வருவது. மேக்ஓஎஸில் அதுவே கணினி திடீரென்று விழுந்து மறுபடி பூட் ஆகக் காரணமாகப் பேர்வாங்கியது. எல்லாம் சரியாகச் செய்தும் நிறுவல் பாதியில் விழுகிறதென்றால் எஸ்எஸ்டியின் பெயரைப் பாருங்கள்.

● கைரேகை சென்சார் வேலை செய்யாது. அதற்காக நேரம் செலவழிக்க வேண்டாம்.

வைஃபை: ரிச்சி தெருவுக்கு ரயில் ஏறும் முன்

● இன்டெல் வைஃபை கார்டு எந்த மேக்கிலும் வந்ததில்லை. ஆப்பிள் நெடுங்காலம் நம்பியது பிராட்காம் கார்டுகளை. அதனால் லேப்டாப்பின் அடிப்பக்க மூடியைக் கழற்றி இன்டெல் கார்டை எடுத்துவிட்டு பிராட்காம் மாட்டுவது வழக்கமாக இருந்தது. கட்டைவிரல் அகலமே உள்ள சின்னக் கார்டு அது. ஒற்றைத் திருகு பிடித்திருக்கும், கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஆன்டெனா ஒயர்கள் பொத்தான்போல் அதன் மேல் அழுந்தியிருக்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகே அதைத் தொட வேண்டும். ஒயர்களை நகத்தால் நேர்மேலே தூக்க வேண்டும், பக்கவாட்டில் இழுத்தால் முனை பிய்ந்துவிடும்.

● சூளூர்பேட்டையிலிருந்து மின்சார ரயிலில் சென்னை சென்ட்ரல் போய் இறங்கினால், அண்ணா சாலைப் பக்கம் ரிச்சி தெரு பக்கத்தில்தான். இப்படிப்பட்ட கார்டுகளைத் தேட அதைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் இல்லை. ஆனால் காசைக் கொடுக்கும் முன் இரண்டு செய்திகள். ஒன்று, 2023-ல் வந்த சோனோமாவில் அந்தப் பழைய பிராட்காம் கார்டுகளுக்கான ஆதரவை ஆப்பிளே நீக்கிவிட்டது. இரண்டு, இன்டெல் கார்டுக்கு தன்னார்வலர்கள் எழுதிய ஐடிஎல்டபிள்யூஎம் என்ற இலவச டிரைவர் இருக்கிறது. ஆப்பிள் கருவிகளுக்கிடையே கோப்பு அனுப்பும் ஏர்டிராப் கிடைக்காது, இணையம் கிடைக்கும். படிப்புக்கு அது போதும், ரயில் செலவும் மிச்சம்.

● சில பழைய லெனோவோ, ஹெச்பி லேப்டாப்புகளின் பயாஸில், அனுமதிக்கப்பட்ட வைஃபை கார்டுகளின் பட்டியலே இருக்கும். அதில் இல்லாத கார்டை மாட்டினால் கணினி பூட் ஆகவே மறுக்கும். பழைய திங்க்பேடில் 1802 என்ற எண்ணோடு பிழைச்செய்தி வந்தால் காரணம் அதுதான். கார்டு கெட்டுப்போனது என்று நினைத்து வீசிவிடாதீர்கள்.

ஓடவைப்பவை

● ஓப்பன்கோர் என்பது இன்றைய ஹேக்கின்டாஷ்களின் வாசற்படி. மேக்ஓஎஸ் எழும் முன்னே இது எழுந்து, தேவையான டிரைவர்களை நினைவகத்தில் ஏற்றி, லேப்டாப்பை ஒரு மேக் என்று அறிமுகப்படுத்துகிறது. இயங்குதளத்தின் கோப்புகளில் கைவைப்பதில்லை.

● மேக்கின் மின்விசிறி, வெப்பம், மின்சாரத்தைக் கவனிக்கும் எஸ்எம்சி என்ற சில்லு உங்கள் லேப்டாப்பில் இல்லை. விர்ச்சுவல்எஸ்எம்சி என்ற டிரைவர் அது இருப்பதுபோல் பதில் சொல்கிறது. இதைச் சேர்க்க மறந்தால் மேக்ஓஎஸ் பூட் ஆகாது.

● ஒரு பாகத்தை அந்நிய வீட்டில் பொருத்த இடையில் ஓர் இணைப்பான் போதும் என்பதற்கு சூளூர்பேட்டையை அடுத்த ஸ்ரீஹரிகோட்டாவே சாட்சி. 2017 பிப்ரவரி 15 அன்று பிஎஸ்எல்வி-சி37 ஒரே ஏவுதலில் 104 செயற்கைக்கோள்களைச் சுமந்து சென்றது. அவற்றில் 101 வெளிநாட்டுக் குறுங்கோள்கள். அவை நேராக ராக்கெட்டில் பொருத்தப்படவில்லை. நெதர்லாந்து நிறுவனம் செய்த பெட்டிகளில் அடைத்து, அந்தப் பெட்டிகளை ராக்கெட்டில் பூட்டினார்கள்.

மாட்டிக்கொண்டால்

● ஆப்பிள் சின்னம் மட்டும் தெரிந்து கணினி உறைந்து நின்றால், பூட் அமைப்பில் 'மைனஸ் வி' என்ற குறியைச் சேருங்கள். சின்னத்துக்குப் பதிலாக, நடக்கும் ஒவ்வொரு வேலையும் வெள்ளை எழுத்தில் ஓடும். உறைந்தபோது தெரியும் கடைசிச் சில வரிகளை ஃபோனில் படம் எடுங்கள். நோய் எங்கே என்பதற்கு அதைவிட நல்ல துப்பு கிடையாது.

● எழுத்தெல்லாம் ஓடி முடிந்து திரை கறுத்துவிட்டதா? கணினி பெரும்பாலும் எழுந்துதான் இருக்கும், கிராஃபிக்ஸ் அடையாள எண் தவறாக இருக்கும். வெளிச்சம் மட்டும் இல்லையென்றால் திரையின் பின்விளக்கை மேக்ஓஎஸுக்குச் சொல்லித்தரும் பேட்ச் விடுபட்டிருக்கும்.

● வட்டில் போதிய இடமில்லை என்று 'மீடியாகிட்' பிழை வரும். பார்த்தால் 100 ஜிபி காலியாக இருக்கும்! குறை அந்த இடத்தில் இல்லை. விண்டோஸ் பொதுவாக ஈஎஃப்ஐ பகுதிக்கு 100 எம்பி ஒதுக்கும், மேக்ஓஎஸ் 200 எம்பி எதிர்பார்க்கும்.

● ஒரு யூஎஸ்பி கட்டுப்படுத்திக்கு 15 துவாரங்களுக்கு மேல் மேக்ஓஎஸ் ஏற்காது. 2015-ல் எல் கேப்பிடன் கொண்டுவந்த வரம்பு இது. லேப்டாப்பில் மூன்று துவாரம்தானே இருக்கிறது என்று தோன்றும். ஒவ்வொரு யூஎஸ்பி 3 துவாரமும் இரண்டாகக் கணக்காகும். வெப்கேமராவும் புளூடூத்தும்கூட உள்ளே யூஎஸ்பி வழியாகவே இணைந்திருக்கும். புளூடூத் காணாமல் போனாலோ, ஸ்லீப்பில் போட்டதும் தானே விழித்தாலோ, முதலில் இந்தத் துவாரங்களின் பட்டியலைச் சரிசெய்யுங்கள்.

● டச்பேட் அசையவில்லை என்றால் அது பிஎஸ்2 வகையா, ஐ2சி வகையா என்று பாருங்கள். இரண்டுக்கும் டிரைவர் வேறு வேறு. அதுவரை ஒரு யூஎஸ்பி மவுஸ் கைவசம் இருக்கட்டும்.

● பேட்டரி சதவீதம் காட்டாததற்கும் காரணம் உண்டு. பல லேப்டாப்புகள் பேட்டரி விவரத்தை 16 பிட் எண்ணாகத் தருகின்றன, மேக்ஓஎஸ் 8 பிட் மட்டுமே படிக்கும். ஈசிஎனேப்ளர் என்ற சிறு டிரைவர் இதைத் தீர்க்கிறது.

தமிழும் தெலுங்கும்

● மேக்ஓஎஸில் எழுத்துருப் பட்டியலைத் திறந்தால் தமிழ் சங்கம் எம்என், தெலுங்கு எம்என் என்ற பெயர்கள் கண்ணில் படும். அந்த 'எம்என்', மலேசியத் தமிழரான முத்து நெடுமாறனின் பெயர்ச் சுருக்கம். முரசு அஞ்சலை உருவாக்கியவர் அவர்தான். இணைமதி எழுத்துருவும் அவர் கைவண்ணமே. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் சூளூர்பேட்டைக்கு, இரண்டு மொழி எழுத்தும் ஒரு தமிழரின் உழைப்பால் கிடைத்திருக்கிறது. அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகளும் உடன் வருகின்றன.

● இரண்டு மொழிகளைப் போலவே, ஒரே லேப்டாப்பில் இரண்டு இயங்குதளங்கள் என்பதும் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது.

இனி என்ன?

● 2020 ஜூனில், மேக்கில் இனி சொந்தச் சில்லுகள் என்று ஆப்பிள் அறிவித்தது. நவம்பரில் எம்1 வந்தது. 2025-ல் வந்த டஹோதான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு. அதிலேயே பழைய ஆடியோ டிரைவரும் நீக்கப்பட்டுவிட்டது. அடுத்த பதிப்பை இன்டெல் லேப்டாப்பில் போட வழியில்லை. புதிய எக்ஸ்கோட் புதிய மேக்ஓஎஸைக் கேட்கும் என்பதால், ஆப் எழுதிப் பிழைக்க நினைப்பவர் ஹேக்கின்டாஷை நம்பி இறங்க வேண்டாம். பணத்தைச் சேர்த்து, பழைய எம்1 மேக் ஒன்றை வாங்குவதே நீடிக்கும்.

● எதிர்த்திசையிலும் ஒரு முயற்சி நடக்கிறது. ஆப்பிளின் எம் வகைச் சில்லுகளில் லினக்ஸை ஓட்டும் அசாஹி லினக்ஸின் முதல் பதிப்பு 2022 மார்ச்சில் வந்தது. அந்தச் சில்லுகளுக்கு ஆப்பிள் கையேடு எதுவும் தரவில்லை. ஒவ்வொரு பாகமும் எப்படிப் பேசுகிறது என்று கவனித்தே டிரைவர் எழுதினார்கள்.

● கணினியை உள்ளிருந்து கற்க விரும்புபவருக்கு ஹேக்கின்டாஷ் இன்றும் நல்ல ஆசான். தொடங்குபவர்கள் இந்த வரிசையில் போங்கள்: படங்களையும் பாடங்களையும் வெளி வட்டில் நகலெடுங்கள். லினக்ஸ் பென்டிரைவிலிருந்து பூட் செய்து 'எல்எஸ்பிசிஐ' கட்டளையால் எல்லாச் சில்லுகளையும் பட்டியலிடுங்கள். கிராஃபிக்ஸ், எஸ்எஸ்டி, வைஃபை மூன்றையும் சரிபாருங்கள். கிராஃபிக்ஸ் பொருந்தவில்லை என்றால் அந்த லேப்டாப்பில் மேக்ஓஎஸ் ஆசையை விட்டுவிட்டு லினக்ஸையே நிறுவிப் படியுங்கள். மூன்றும் பொருந்தினால், விண்டோஸ் இருக்கும் வட்டைத் தொடாமல் தனி எஸ்எஸ்டியில் போட்டுப் பாருங்கள்.