சேலம் சூனிய வழக்குகளும் அறப்பொறுப்பும்

கி.பி. 1692இல், ஆங்கிலேயரின் குடியேற்றப் பகுதியாக இருந்த மாசசூசெட்ஸில், சேலம் என்னும் ஊரை மையமாகக் கொண்டு சூனிய வழக்குகள் நடைபெற்றன. அவற்றில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். வழக்கிற்கு உடன்பட மறுத்த முதியவர் ஒருவர் மேனிமீது கற்கள் ஏற்றப்பட்டு உயிர் நீத்தார். இக்கொடுமைக்குச் சமுதாய நெருக்கடியே காரணம் என்பது பலரும் கூறும் விளக்கமாகும். அவ்விளக்கம் மனிதரின் அறப்பொறுப்பை நீக்கிவிடுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

நெருக்கடிகள் மெய்யானவையே. எல்லைப்புறப் போரினால் ஊரிழந்து வந்தோர் வழியே அச்சம் பரவியிருந்தது. 1684இல் ஆட்சிப் பட்டயம் பறிக்கப்பட்டபின் நிருவாகம் நிலைகுலைந்திருந்தது. சேலம் சிற்றூரிலோ போதகர் சாமுவேல் பாரிஸை முன்னிட்டு மக்கள் இரு பிரிவாயினர். இவற்றினும் கொடியது விசாரணை முறையாகும். குற்றஞ்சாட்டப்பட்டவரின் ஆவியுரு தம்மைத் துன்புறுத்துவதாகச் சிறுமியர் கூறியதும் சான்றாக ஏற்கப்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டு அதில் நிலைத்து நின்றோர் தூக்கிலிருந்து தப்பினர். மறுத்து நின்றோர் பலர் மாண்டனர். பொய் உயிர் காத்தது. வாய்மை உயிரைப் பறித்தது.

எனினும், அந்நெருக்கடிக்கு உட்பட்ட அனைவரும் ஒரே வழியில் நடந்தாரல்லர். நதானியேல் சால்டன்ஸ்டால் என்னும் நீதிபதி தொடக்கத்திலேயே விலகினார். எழுபது வயதைக் கடந்த ரெபெக்கா நர்ஸின் நற்பண்பிற்குச் சான்று கூறி 39 அயலார் கையொப்பமிட்டனர். அவரைச் சான்றாயர் குழு முதலில் குற்றமற்றவர் என்றே கூறியது. தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டவுட்டன் மீண்டும் எண்ணிப் பார்க்குமாறு தூண்டிய பின்னரே தீர்ப்பு மாறியது. அவருடைய தங்கை மேரி ஈஸ்டி, தம் உயிரை வேண்டாது, இனிக் குற்றமற்றோர் குருதி சிந்தப்படலாகாது என மன்றாடித் தூக்குமேடை ஏறினார்.

பின்னாளில் எழுந்த வருத்தக் குரல்களும் ஒரே தன்மையன அல்ல. 1697இல் நீதிபதி சாமுவேல் சூவல் திருச்சபையில் எழுந்து நிற்க, பழியைத் தாமே ஏற்கும் அவரது அறிக்கை வாசிக்கப்பட்டது. சான்றாயர் பன்னிருவர் தம் அறியாமையைக் கூறி மன்னிப்பு வேண்டினர். பன்னிரண்டு வயதில் பலர்மீது குற்றஞ்சாட்டிய ஆன் புட்னம், 1706இல் சாத்தானின் வஞ்சகத்தால் தவறியதாக வருந்தினார். ஸ்டவுட்டனோ இறுதிவரை வருந்தினாரில்லை.

ஆகவே, நெருக்கடி பொறுப்பின் அளவைக் குறைக்கலாமேயன்றி அதனை அழிப்பதில்லை. அச்சுறுத்தப்பட்ட சிறுமியின் பொறுப்பும் ஆட்சி அதிகாரம் பெற்ற நீதிபதியின் பொறுப்பும் நிகரல்ல. மறுத்து நின்றவர் ஒருவரேனும் இருக்கும்வரை, வேறு வழியில்லை என்னும் சொல் முழு உண்மையாகாது.