பறப்புப் பாவனையாக்கிகளில் மேக வரைகலை

ஃபிளைட் சிமுலேட்டர் எனப்படும் வீட்டுப் பறப்புப் பாவனையாக்கிகளில் மேகம், மழை, மூடுபனி ஆகியவற்றைத் திரையில் வரையும் பகுதி மேக வரைகலை ஆகும். கணினியின் திறனை மிகுதியாக விழுங்கும் பகுதிகளில் இதுவும் ஒன்று. நொடிக்கு 30 பிரேம்கள் வேண்டுமானால் ஒரு பிரேமை வரையக் கிடைப்பது சுமார் 33 மில்லிநொடி; 60 பிரேம்கள் என்றால் 17 மில்லிநொடிக்கும் குறைவு. தரை, விமானம், கருவிப் பலகை, வானிலை எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். தெளிந்த வானில் சீராக ஓடும் மென்பொருள், ஓடுபாதையை நெருங்கும்போது மழைமேகத்துக்குள் நுழைந்ததும் திணறுவது இதனால்தான். கட்டுப்பாடு மிகத் துல்லியமாக இருக்க வேண்டிய அந்த நிமிடத்தில்தான் தாமதம் கூடுகிறது.

அட்டை மேகங்கள்

பழைய பாவனையாக்கிகளில் மேகம் என்பது, பார்ப்பவரை நோக்கித் திரும்பி நிற்கும் அரைத்தெளிவான படத்துண்டுகளின் கூட்டம். நாடக மேடையில் நிறுத்திய அட்டை மரம் போன்றது. தொலைவில் இருக்கும்வரை செலவு குறைவு. உள்ளே நுழைந்தால் ஒவ்வொரு துண்டும் திரையை நிரப்பும். அவை ஒளி புகுவன என்பதால் முன்னிருப்பது பின்னிருப்பதை முழுதாக மறைக்காது. ஒரே படப்புள்ளியைப் பலமுறை வரைய நேரிடும். 2003இல் வெளியான மைக்ரோசாப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2004க்காக நினியேன் வாங் உருவாக்கிய முறையில், தொலைவிலுள்ள மேகங்கள் பார்ப்பவரைச் சுற்றிய எட்டுப் பக்க வளையத்தில் படமாக வரையப்பட்டு, அப்படமே அடுத்தடுத்த பிரேம்களிலும் பயன்பட்டது.

கனஅளவு மேகங்கள்

2020 ஆகஸ்டில் வெளியான மைக்ரோசாப்ட் ஃபிளைட் சிமுலேட்டரும், 2022 டிசம்பரில் வெளியான எக்ஸ்-பிளேன் 12உம் மேகத்தைக் கனஅளவுள்ள பொருளாகக் கையாளுகின்றன. இவ்வகை முறையில் ஒவ்வொரு படப்புள்ளியிலிருந்தும் ஒரு கதிர் மேகத்துக்குள் அடியடியாக நகர்ந்து, ஒவ்வோர் அடியிலும் அடர்த்தியைக் கணக்கிடும். கதிருக்கு 64 அடிகள் என வைத்துக்கொண்டால், 1920×1080 திரையில் ஒரு பிரேமுக்கு 13 கோடிக்கும் மேற்பட்ட கணக்கீடுகள். 3840×2160 திரையில் 53 கோடிக்கும் மேல். சூரிய ஒளி எவ்வளவு ஊடுருவுகிறது என்பது தனிக் கணக்கு. ஆகவே மேகத்தை மட்டும் குறைந்த தெளிவில் வரைந்து, முந்தைய பிரேம்களோடு கலந்து பெரிதாக்குவது வழக்கமான உத்தி. இறக்கை விளிம்பில் மேகம் மணல்மணலாகத் தெரிவது அதன் பக்கவிளைவு.

எதைக் குறைப்பது

காற்றின் திசை, வேகம், வெப்பநிலை, அழுத்தம் ஆகியவை விமானத்தின் இயக்கத்துக்கு உள்ளீடாகும் எண்கள். மேகத்தை வரைவதோடு ஒப்பிட்டால் இவற்றின் சுமை மிகச் சிறிது. மேகத் தரத்தை இரண்டு படி இறக்கினாலும் குறுக்குக்காற்று அதே வலுவோடுதான் தள்ளும். கருவிவழித் தரையிறக்கம் பயில்பவருக்கு இது நல்ல செய்தி. முதல் வகை ஐஎல்எஸ் அணுகுமுறையில் முடிவெடுக்கும் உயரம் குறைந்தது 200 அடி, ஓடுபாதைப் பார்வைத் தொலைவு குறைந்தது 550 மீட்டர். அப்பயிற்சிக்குத் தட்டையான ஒரு சாம்பல்நிற மேக அடுக்கும் மூடுபனியும் போதும். தொலைவுக்கேற்ப நிறத்தை வெளிறச் செய்யும் எளிய மூடுபனி, வரைகலையின் மிக மலிவான உத்திகளுள் ஒன்று. காட்சிவழிப் பறப்புக்கோ மேகத்தின் வடிவமும் இடைவெளியும் முக்கியம். அங்கே திரைத் தெளிவையோ கட்டடங்களின் அடர்த்தியையோ குறைப்பது மேல்.

எதையும் மாற்றுமுன் ஒரே விமான நிலையத்தில், ஒரே விமானத்தில், தெளிந்த வானிலும் முழு மேகமூட்டத்திலும் பிரேம் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளலாம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தால் தடை மேகத்தில் இல்லை. அது பெரும்பாலும் மையச் செயலகத்தில் இருக்கும். அப்போது மேகத் தரத்தைக் குறைப்பதால் அழகு போகுமே தவிர வேகம் கிடைக்காது.