நோயால் அழிந்த காட்டு மரத்தை மீட்டல்
செஸ்நட் மரம் கமக்காரருக்குத் தரும் பாடம்

நெல் வயலில் எரிபந்த நோய் கண்டால் ஒரு போகத்தின் விளைவு குறையும். அடுத்த போகத்தில் எதிர்ப்புச் சக்தியுள்ள வேறோர் இனத்தை விதைத்து நட்டத்தை ஈடுசெய்தல் கூடும். காட்டு மரத்துக்கு இத்தகைய நோய் வந்தால் அதனை மீட்பது எவ்வளவு அரிய செயல் என்பதை ஐக்கிய அமெரிக்காவின் செஸ்நட் மரத்தின் வரலாற்றால் நீங்கள் அறியலாம்.

நோய் வந்த வழி

அந்நாட்டின் கிழக்கே அப்பலாச்சியன் மலைத்தொடர் நெடுகிலும் செஸ்நட் மரம் செழித்து வளர்ந்தது. அதன் கொட்டை மக்களுக்கும் பன்றிகளுக்கும் காட்டு விலங்குகளுக்கும் உணவாயிற்று. எளிதில் உக்காத அதன் பலகையும் கட்டையும் வீடு, வேலி, புகையிரதப் பாதை ஆகியவற்றிற்குப் பயன்பட்டன.

1904ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் விலங்கியற் பூங்காவில் இம்மரங்கள் பட்டுப்போகக் காணப்பட்டன. கிழக்காசியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட செஸ்நட் கன்றுகளுடன் வந்துசேர்ந்த ஒரு பங்கசே இதற்குக் காரணமாகும். ஆசிய மரங்கள் நெடுங்காலம் அப்பங்கசுடன் வாழ்ந்து எதிர்ப்புச் சக்தி பெற்றவை. அமெரிக்க மரத்துக்கோ அச்சக்தி இல்லை. 1911இல் பென்சில்வேனியா மாநிலம் ஓர் ஆணைக்குழுவை அமைத்து, நோயுற்ற மரங்களைத் தறித்து நோயைத் தடுக்க முயன்றது. நோய் முன்னரே வெகுதூரம் பரவிவிட்டமையால் 1913இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. 1950ஆம் ஆண்டளவில் 300 முதல் 400 கோடி வரையான மரங்கள் மடிந்தன என மதிப்பிடப்படுகிறது.

நோய் மரத்தைக் கொல்லும் விதம்

பட்டையிலுள்ள காயத்தினூடாகப் பங்கசு உட்புகுகின்றது. அது சுரக்கும் ஒட்சாலிக்கமிலம் பட்டையின் உயிருள்ள பகுதியைக் கொல்லுகின்றது. புண் தண்டைச் சுற்றி வளைத்ததும் அதற்கு மேலுள்ள பகுதி முழுவதும் பட்டுப்போகும். ஆயினும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் பங்கசைத் தடுப்பதனால் வேர் பிழைத்திருக்கும். அதிலிருந்து மீண்டும் தளிர்கள் எழும். அவை சற்று வளர்ந்ததும் மறுபடி நோயுறும். ஆகவே இம்மரம் முற்றாக அற்றுப்போகவில்லை. எனினும் காய்க்கும் பருவத்தை எட்டும் மரங்கள் மிகச் சிலவே.

மீட்கும் வழிகள்

முதலாவது, கலப்பினம். அமெரிக்க மரத்தைச் சீன மரத்துடன் கலந்து, அதிற் பிறந்தவற்றுள் நோயைத் தாங்குவனவற்றைத் தெரிந்து, அவற்றை மீண்டும் மும்முறை அமெரிக்க மரத்துடன் கலந்தனர். இவ்வாறு பெற்ற மரத்தில் பதினாறில் பதினைந்து பங்கு அமெரிக்க மரத்தின் இயல்பு அமையும். 1983இல் நிறுவப்பட்ட அமெரிக்கச் செஸ்நட் மன்றம் 1989 முதல் வேர்ஜீனியா மாநிலத்திலுள்ள பண்ணையில் இவ்வேலையைச் செய்துவந்தது. எதிர்ப்புச் சக்தி ஓரிரு பரம்பரையலகுகளில் அன்றிப் பலவற்றில் தங்கியிருப்பது பின்னர் தெரியவந்தது. அதனாற் பெற்ற மரங்கள் நோயை ஓரளவே தாங்கின.

இரண்டாவது, பங்கசை வலுவிழக்கச் செய்தல். 1938இல் இத்தாலியிலும் இந்நோய் கண்டது. சில ஆண்டுகளின்பின் அங்கே சில மரங்களின் புண்கள் தாமாக ஆறின. பங்கசையே பீடிக்கும் ஒரு வைரசு அதற்குக் காரணமென அறியப்பட்டது. ஐரோப்பாவில் இம்முறை நற்பயன் தந்தது. அமெரிக்காவிலோ ஒன்றோடொன்று இணங்காத பங்கசு வகைகள் பலவாகையால் வைரசு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதிற் பரவவில்லை.

மூன்றாவது, கோதுமையின் ஒரு பரம்பரையலகை மரத்திற் புகுத்துதல். அது உண்டாக்கும் நொதியம் அமிலத்தைச் சிதைக்கும், பங்கசைக் கொல்லாது. நியூயோர்க் மாநிலக் கல்லூரியொன்று இத்தகைய மரங்களை உருவாக்கியது. எனினும் சோதனைக்கு எடுத்த மரவகை மாறிப்போனமையும் மரங்களின் வளர்ச்சிக் குறைவும் தெரியவந்தமையால், 2023இல் மேற்கூறிய மன்றம் அதற்கு அளித்த ஆதரவை விலக்கிக்கொண்டது.

நோய் காணப்பட்டு நூறாண்டுகளுக்கு மேலாகியும் அக்காடுகள் மீளவில்லை. இது கண்டு அயர்தல் வேண்டா. நோயை வருமுன் தடுப்பதே எளிது என்பதை உணர்தல் வேண்டும். 1869இல் இலைத்துரு நோய் தோன்றி இலங்கையின் கோப்பிச் செய்கையை அழித்தமையும் இவ்வுண்மையையே காட்டுகின்றது.

நீங்கள் செய்யவேண்டியவை

1. வெளிநாட்டிலிருந்து விதை, கன்று, கிழங்கு, வெட்டுத்துண்டு எதனையும் அனுமதியின்றிக் கொண்டுவராதீர்கள். உறவினர் அன்பளிப்பாகத் தரினும் ஏற்காதீர்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இதனைக் கட்டுப்படுத்துகின்றது.

2. நோயுற்ற தோட்டத்திலிருந்து நாற்றையோ மண்ணையோ எடுத்துச் செல்லாதீர்கள். அங்கு பயன்படுத்திய கத்தி, மண்வெட்டி ஆகியவற்றைக் கழுவித் துடைத்த பின்னரே வேறிடத்திற் பாவியுங்கள்.

3. முன் கண்டிராத வாடலோ புண்ணோ தோன்றினால், அதைப் பிடுங்கி அயலாருக்குக் காட்டக் கொண்டு செல்லாது, உடனே உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியருக்கு அறிவியுங்கள்.

4. பழைய உள்ளூர் இனங்களின் விதையைச் சிறிதளவேனும் பேணுங்கள். நாளை வரும் நோய்க்கு எதிர்ப்புச் சக்தி எந்த இனத்தில் இருக்குமென்பதை இன்று ஒருவரும் கூறவியலாது.