எண் கேட்ட இடத்தில் எழுத்து



கணினிக்கு நிரல் எழுதப் பழகும் மாணவன் முதன்முதலில் எழுதுவது பெரும்பாலும் ஒரு சிறு வினாவாகவே இருக்கும். "உமது வயது என்ன?" என்று திரையிலே கேட்பான், விசைப்பலகையில் தட்டப்படும் எண்ணை வாங்குவான், அதிலிருந்து ஏதோவொரு கணக்கைச் செய்து விடையைக் காட்டுவான். கேட்பவனும் அவனே, விடை இறுப்பவனும் அவனே ஆதலின், எண் கேட்ட இடத்தில் எண்ணே வரும். நிரலும் பழுதின்றி ஓடும். அதனைப் பிறர் கையில் ஒப்படைத்த நாளிலேதான் சங்கடம் தொடங்குகிறது.

நானறிந்த பாடசாலையொன்றிலே உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், தன் வகுப்பாசிரியரின் சுமையைக் குறைக்கும் நல்லெண்ணத்தோடு, தவணைப் பரீட்சைப் புள்ளிகளைப் பதிந்து சராசரி காணும் நிரல் ஒன்றைச் சி மொழியில் எழுதிக் கொடுத்தான். வகுப்பிலே 40 பிள்ளைகள். கறுப்புத் திரையில் இடாப்பு இலக்கம் தோன்றும். ஆசிரியர் புள்ளியைத் தட்டுவார். அடுத்த இலக்கம் தோன்றும். முதற் பதினொரு பிள்ளைகளின் புள்ளிகளும் சரியாகவே பதிவாயின. பன்னிரண்டாவது பிள்ளை பரீட்சைக்குச் சமுகமளிக்கவில்லை. அத்தகைய பிள்ளையின் பெயருக்கு நேரே 'ஏபி' என்ற இரண்டு ஆங்கில எழுத்துக்களை இடுவது எமது ஆசிரியர்கள் பலரின் வழக்கம். கைப்பழக்கத்தினால் ஆசிரியர் அவ்வெழுத்துக்களையே தட்டினார். மறுகணம், 13 முதல் 40 வரையுள்ள இலக்கங்கள் யாவும் எவருடைய விடையையும் எதிர்பாராமல் திரையிலே சரசரவென ஓடி மறைந்தன. நிரல் முடிந்துவிட்டது. பட்டியலைப் பார்த்தால், பதினோராவது பிள்ளை பெற்ற 87 புள்ளிகளே எஞ்சிய 29 பிள்ளைகளுக்கும் வழங்கப்பட்டிருந்தன. பரீட்சைக்கு வராத பிள்ளைக்கும் 87! தேர்ச்சி அறிக்கைகள் பெற்றோர் கைக்குப் போகுமுன் ஆசிரியர் இதனைக் கண்டுகொண்டது நற்பேறு.

கணினி பிழைவிட்டது என்று சிலர் கூறினர். அது பிழைவிடவில்லை. அதற்கு இடப்பட்ட கட்டளையை அது எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியது. எங்ஙனம் என்பதைச் சற்று விரிவாக நோக்குவோம்.

சி மொழி 1970ஆம் ஆண்டையடுத்த சில ஆண்டுகளில், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே டெனிஸ் றிச்சி என்பவரால் ஆக்கப்பெற்றது. 1989இல் அதற்கு முறையான நியமம் வகுக்கப்பட்டது. இம்மொழியில் விசைப்பலகையிலிருந்து எண்ணைப் பெறுவதற்கு மாணவர் முதலிற் கற்பது 'ஸ்கான்எவ்' என்னும் சார்பை. இச்சார்பின் இயல்பை அறிந்துகொள்ள ஓர் உண்மையை மனத்திற் கொள்ளல் வேண்டும். நாம் தட்டும் எழுத்துக்கள் நேரே நிரலுக்குள் நுழைவதில்லை. அவை ஒரு வாயிலிலே வரிசையாக நின்று காத்திருக்கின்றன. ஸ்கான்எவ் அவ்வரிசையின் முன்னின்று, இலக்கங்களை மட்டும் ஒவ்வொன்றாக உள்ளே அழைக்கின்றது. இலக்கமல்லாத எழுத்தொன்று எதிர்ப்பட்டதும் அங்கேயே நிறுத்திவிடுகின்றது. அவ்வெழுத்தை உள்ளே விடுவதுமில்லை, வெளியே துரத்துவதுமில்லை. அது வரிசையின் தலைமாட்டிலேயே நின்றுகொண்டிருக்கும்.

'ஏபி' என்று தட்டியபோது நிகழ்ந்தது இதுவே. முதலெழுத்தே இலக்கமன்று, ஆகையால் ஸ்கான்எவ் ஒன்றையும் வாங்கவில்லை. புள்ளியை வைத்திருக்கும் மாறியை அது தொடவுமில்லை. அதனுள்ளே முன்னைய பிள்ளையின் 87 அப்படியே இருந்தது. அடுத்த பிள்ளைக்காக மீண்டும் அழைத்தபோதும் அதே எழுத்துத்தான் வாயிலில் நின்றது. மீண்டும் தோல்வி, மீண்டும் 87. இவ்வாறு 29 முறை. 40 பிள்ளைகள் என்ற எல்லை இருந்தமையால் நிரல் ஒருவாறு முடிந்தது. சரியான எண் வரும்வரை கேட்டுக்கொண்டே இரு என்று எழுதியிருந்தால் அது ஓயாமற் சுழன்றுகொண்டேயிருந்திருக்கும்.

ஸ்கான்எவ் தன் தோல்வியை மறைக்கின்றதா என்றால், இல்லை. தான் எத்தனை பெறுமானங்களை வாங்கினேன் என்பதை அது ஒவ்வொரு முறையும் திருப்பிச் சொல்கின்றது. ஓர் எண்ணை வாங்கினால் 1. ஒன்றும் வாங்காவிடின் 0. வாங்குமுன்பே உள்ளீடு முடிந்துவிட்டால் மறைப்பெறுமானம் ஒன்று. அம்மாணவன் அந்த விடையைச் செவிமடுக்கவில்லை. அவனை நோவதிற் பயனில்லை; அவன் படித்த பாடநூல்களின் உதாரணங்களிலும் அதனைச் செவிமடுப்போர் குறைவே.

சரி, திரும்பி வரும் விடையைச் சோதித்தாற் போதுமா? போதாது. '12ஏபி' என்று ஒருவர் தட்டினால், ஸ்கான்எவ் 12ஐ வாங்கி, வெற்றி என்று அறிவித்துவிடும். 'ஏபி' அடுத்த கேள்வியைக் குழப்பக் காத்திருக்கும். மூன்றரை என்பதை 3.5 என்று தட்டினால், 3 மட்டும் உள்ளே போகும். புள்ளியும் ஐந்தும் வாயிலில் நிற்கும். கடைக்காரர் ஒருவர் இருபத்தையாயிரம் ரூபாவை, நாம் தாளில் எழுதுவதுபோலவே, காற்புள்ளியிட்டு 25,000 என்று தட்டினால் நிரல் பெறுவது வெறும் 25. இது 'ஏபி'யிலும் கொடியது. ஏனெனில் திரையிலே குழப்பம் உடனே தோன்றாமலும் இருக்கலாம். கணக்கு மட்டும் அமைதியாகப் பிழைத்துவிடும். மாறி தாங்கக்கூடிய அளவினும் பெரிய எண்ணைத் தட்டினாலோ, என்ன நிகழும் என்பதற்கு நியமமே பொறுப்பேற்கவில்லை.

இதற்குப் பரிகாரமாக மாணவரிடையே வழங்கும் கைமருந்துகள் இரண்டு உள. ஒன்று, 'எவ்பிளஷ்' என்ற சார்பினால் உள்ளீட்டு வரிசையைக் கழுவிவிடுதல். அச்சார்பு வெளியீட்டிற்காக அமைந்தது. உள்ளீட்டின்மேல் அதனைப் பிரயோகித்தால் விளைவு யாதென நியமம் கூறவில்லை. ஒரு கணினியில் வேலை செய்வது மற்றொன்றில் செய்யாது போகலாம். மற்றையது, எழுத்துத் தொடரை எண்ணாக மாற்றும் 'ஏ-ரு-ஐ' என்ற சார்பு. அதனிடம் 'ஏபி' என்று கொடுத்தால் பூச்சியம் என்று விடை தரும். பூச்சியம் என்றே கொடுத்தாலும் பூச்சியந்தான். வராத பிள்ளைக்கும், வந்து ஒன்றும் எழுதாத பிள்ளைக்கும் வேறுபாடு காணாத பரிசோதகரை நாம் ஏற்போமா?

நல்ல வழி, வாங்குவதையும் விளங்கிக்கொள்வதையும் இரண்டு வேலைகளாகப் பிரித்துக்கொள்வது. முதலில், தட்டப்பட்ட வரி முழுவதையும் எண் எழுத்து என்ற பேதமின்றி உள்ளே எடுத்துவிடல் வேண்டும். வாயிலில் எதுவும் எஞ்சி நிற்கலாகாது. பின்னர், கையில் உள்ள வரியை ஆற அமர ஆராய்ந்து, அது எண்தானா என்று தீர்மானித்தல் வேண்டும்.

வரியை எடுக்கும் வேலைக்கு 'எவ்கெற்ஸ்' என்ற சார்பு உண்டு. எத்தனை எழுத்துக்களுக்கு இடம் உண்டு என்பதை அதற்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்; அதற்குமேல் அது எடுக்காது. 'கெற்ஸ்' என்ற அதன் மூத்த உடன்பிறப்புக்கு இந்த அடக்கம் இல்லை. எவ்வளவு வந்தாலும் இடத்தை மீறிக் கொட்டிக்கொண்டேயிருக்கும். 1988 நவம்பரில் அமெரிக்க வலையமைப்பிலே பரவிப் பல்லாயிரம் கணினிகளை முடக்கிய மொறிஸ் புழு என்னும் நிரல், உள்ளே நுழையக் கண்ட வழிகளுள் ஒன்று இந்தக் கெற்ஸ் சார்பின் குறைபாடே. 2011ஆம் ஆண்டு நியமத்திலிருந்து அச்சார்பு நீக்கப்பட்டுவிட்டது. பழைய பாடநூல்களில் அதனைக் காண்பீர்களாயின் கைவிடுக.

எவ்கெற்ஸ் சார்பிலும் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. தட்டிய வரி ஒதுக்கிய இடத்தினும் நீண்டதாயின் அதன் முற்பகுதியே கைக்கு வரும். வந்த பகுதியில் வரிமுடிவுக் குறி இருக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். இல்லையேல் எஞ்சியவற்றை வரிமுடிவு வரும்வரை வாசித்து ஒதுக்கிவிடல் வேண்டும். இன்றேல் அந்த வால் அடுத்த பிள்ளையின் புள்ளியாகிவிடும்.

இனி ஆராயும் வேலை. இதற்கு அமைந்தது 'எஸ்ரிஆர்-ரு-எல்' என்ற சார்பு. பெயர் நாவுக்கு இடராயினும் குணம் நல்லது. எழுத்துத் தொடரை எண்ணாக மாற்றுவதோடு, தான் எந்த எழுத்தில் நின்றுவிட்டேன் என்பதையும் ஒரு சுட்டியினாற் காட்டித் தருகின்றது. அச்சுட்டி தொடக்கத்திலேயே நின்றால், எண் எதுவுமே இல்லை. 'ஏபி' அங்கே பிடிபடும். நடுவிலே நின்று, அதற்கப்பால் வெற்றிடமோ வரிமுடிவோ அல்லாத வேறெழுத்து இருந்தால், எண்ணோடு வேறேதோ கலந்திருக்கின்றது, 12ஏபி, 3.5, 25,000 மூன்றும் அங்கே பிடிபடும். எண் அளவுக்கு மீறியதாயின் 'எர்நோ' என்ற பொது மாறியில் அதற்குரிய குறியை இட்டுவிடும். அம்மாறியை நூலகச் சார்புகள் தாமாகப் பூச்சியமாக்குவதில்லை. ஆகையால் ஒவ்வொரு முறையும் அழைக்குமுன் நாமே பூச்சியமாக்கிக்கொள்ளல் வேண்டும். பழைய பிழையின் குறியைக் கண்டு புதிய விடையைத் தண்டித்தல் நீதியாகாது. எண்ணின் அடி பத்து என்பதையும் வெளிப்படையாகக் கூறுதல் நன்று. அடியைச் சார்பே ஊகிக்கட்டும் என்று விட்டால், பூச்சியத்தில் தொடங்கும் எண்ணை எட்டின் அடியில் உள்ளதாகக் கொண்டு, 010 என்பதை எட்டு என்று வாசிக்கும்.

எண் என்று நிச்சயமான பின்னரும் ஒரு கேள்வி எஞ்சுகின்றது. அது இந்த இடத்துக்கு ஏற்ற எண்தானா? 870 என்பது குற்றமற்ற எண்; ஆயினும் நூற்றுக்கு 870 புள்ளி எவரும் பெறமுடியாது. 2005 டிசெம்பர் 8ஆந் திகதி, ஜப்பானின் மிசுஹோ என்னும் பங்குத்தரகு நிறுவனத்திலே, ஒரு பங்கை 610,000 யென்னுக்கு விற்கும் கட்டளை, 610,000 பங்குகளை ஒரு யென் வீதம் விற்பதாகத் தலைகீழாகப் பதியப்பட்டது. விற்கப்பட்ட கம்பனியின் பங்குகள் யாவற்றையும் கூட்டினாலும் 15,000 தேறாது. நட்டம் சுமார் 4,000 கோடி யென் என்று கணக்கிடப்பட்டது. பூச்சியமும் அப்படியே. 1997 செப்ரெம்பரில் அமெரிக்கக் கடற்படையின் யோர்க்டவுண் என்ற போர்க்கப்பல், தரவுக் கட்டமொன்றில் இடப்பட்ட பூச்சியத்தால் வகுக்கப் புகுந்த நிரல் குலைந்தமையால், உந்துவிசையிழந்து கடலில் நின்றது. ஆகவே கீழெல்லை, மேலெல்லை இரண்டையும் சோதித்தபின்னரே எண்ணை ஏற்றல் வேண்டும். எஸ்ரிஆர்-ரு-எல் தரும் எண் நெடிய வகையினது; அதனைச் சிறிய மாறிக்குள் இடுமுன்பே, அகலமான பாத்திரத்தில் இருக்கும்போதே, இச்சோதனையைச் செய்தல் முறை.

தமிழருக்கே உரிய ஒரு செய்தியையும் இவ்விடத்திற் கூறலாம். ௧, ௨ என்னும் தமிழ் இலக்கங்களைத் தட்டினால் மேற்சொன்ன சார்புகள் அவற்றை இலக்கமாக அறியா. இன்று பரவலாய் வழங்கும் குறிமுறையில் ஒவ்வொரு தமிழ் இலக்கமும் மூன்று துண்டுகளாகவே நிரலுக்குள் வருகின்றது. அவற்றை விளங்கிக்கொள்ளும் பகுதியை நாமே எழுதவேண்டும். இலக்கமா என்று எழுத்தெழுத்தாகச் சோதிக்கும் சார்புகளை நாடுவோர், அத்துண்டுகள் பல கணினிகளில் மறை எண்களாய் அமைந்து தொல்லை தருமாதலால், அவற்றைக் குறியற்ற வகைக்கு மாற்றிய பின்னரே ஒப்படைத்தல் வேண்டும்.

உள்ளீடே முடிந்துவிடும் வேளையும் ஒன்றுண்டு. பயனர் அதற்குரிய விசைகளை அழுத்தலாம். அல்லது விடைகள் ஒரு கோப்பிலிருந்து வந்து, அக்கோப்புத் தீர்ந்துபோகலாம். அப்போது எவ்கெற்ஸ் வெறுங்கையோடு திரும்பும். விடை தர எவருமில்லாத இடத்தில் மீண்டும் மீண்டும் கேட்கும் நிரல் முன்னைய சுழலிலேயே வீழ்ந்துவிடும். அவ்விடத்தில் மரியாதையாக நிறுத்திக்கொள்ளல் வேண்டும்.

அம்மாணவன் தன் நிரலை இவ்வாறெல்லாம் திருத்தினான். 'ஏபி' என்று தட்டினால், "0 முதல் 100 வரையுள்ள எண்ணைத் தருக" என்று நிரல் உறுதியாக மறுத்தது. கொண்டுபோய்க் கொடுத்தான். இரண்டு நாளில் ஆசிரியர் கேட்டார்: "தம்பி, பிள்ளை வராவிட்டால் நான் என்ன தட்டுவது? எண் தராமல் இது விடுகுதில்லையே. பேசாமல் பூச்சியம் போட்டுவிட்டேன்." போட்ட பூச்சியம் அப்பிள்ளையின் சராசரியைப் பாதாளத்துக்கு இறக்கியிருந்தது. காய்ச்சலில் கிடந்த பிள்ளை அது.

நான் இச்சம்பவத்தை அறிந்தபோது, முதல் நிரலிலும் இரண்டாவதே எனக்குக் கூடிய கவலை தந்தது. கடுமையாக மறுக்கும் நிரல், பயனரைப் பொய் சொல்லத் தூண்டிவிடுகின்றது. ஆசிரியர் தட்டிய 'ஏபி' பிழையன்று. அது ஒரு விடை. நிரல்தான் அதற்கு இடம் வைக்கவில்லை.

மூன்றாம் முறை அவன் செய்த மாற்றம் சிறியது. வரி முழுவதும் ஏற்கெனவே கையில் இருப்பதால், எண்ணாக மாற்ற முயலுமுன் அது 'ஏபி' என்ற தொடரா என்று ஒப்பிட்டுப் பார்க்கின்றான். ஆமெனில் அப்பிள்ளையைச் சமுகமளிக்காதவர் என்று குறித்து, சராசரிக் கணக்கிலிருந்து விலக்கிவிடுகின்றான். ஒருவருமே எழுதாத பாடமாயின் வகுத்தலையும் தவிர்க்கின்றான். வேறெதுவாயினும் எண்ணாகச் சோதிக்கின்றான். தவறெனில், தட்டியதை அப்படியே திரும்பக் காட்டி, எது ஏற்கப்படவில்லை என்று சொல்லி, அதே பிள்ளையின் இலக்கத்தோடு மீண்டும் கேட்கின்றான். அடுத்த தவணையில் நாற்பது பிள்ளைகளின் புள்ளிகளையும் ஆசிரியர் ஒரே அமர்விற் பதிந்து முடித்தார்.